பழவேற்காடும் அந்நிய முதலீடும்: நாம் பங்காளிகளா, பார்வையாளர்களா?

பொன்னேரியில் பேருந்து ஏறி, திருப்பாலைவனத்தைத் தாண்டிப் பழவேற்காட்டை நெருங்கும்போதே காற்றில் உப்பு வாசம் வந்துவிடும். ஒருபுறம் ஏரி, மறுபுறம் கடல், நடுவே மெல்லிய மணல் திட்டு. அந்தத் திட்டின் மீது குப்பங்கள். தெற்கே திரும்பிப் பார்த்தால் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பளுதூக்கிகள். இந்தக் காட்சிக்குள்தான் நம் நாட்டின் இன்றைய பொருளாதாரக் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது.

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தானதாகத் தமிழக அரசு அறிவித்தது. முதலீடு வருவது நல்ல செய்திதான். நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். எல்லாரும் விமானம் ஏறி வளைகுடாவுக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை மாற வேண்டும். அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் வரும் பணம் யாருடையது, எந்த நிபந்தனையில் வருகிறது, லாபம் எங்கே போகிறது, நட்டம் யார் தலையில் விழுகிறது என்ற நான்கு கேள்விகளையும் கேட்காமல் கைதட்டுவது அறிவுடைமை ஆகாது. பழவேற்காட்டு மக்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டிய இடத்தில் இருக்கிறார்கள்.

முதல் அந்நிய மூலதனம் வந்த ஊர்

அந்நிய முதலீடு பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. 1602இல் ஆம்ஸ்டர்டாமில் பங்குகள் விற்றுத் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1610இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் ஆட்சியில் அனுமதி பெற்று இங்கே பண்டகசாலை அமைத்தது. 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் பழவேற்காடுதான்.

அவர்கள் வருவதற்கு முன்பும் இது வணிகத் துறைமுகமே. அரபு நாட்டிலிருந்து மரக்கலங்களில் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் நாம் என்று இவ்வூர் முஸ்லிம்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மரக்காயர்களின் கப்பல்கள் கிழக்கே மலாக்கா வரை துணி ஏற்றிச் சென்றன. டச்சுக் கம்பெனி வந்த பிறகு இந்தக் கரையின் துணி கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போனது, அதற்கு ஈடாக அங்கிருந்து கிராம்பும் சாதிக்காயும் வந்தன. நெசவாளிக்கு வேலை கிடைத்தது உண்மை. ஆனால் கடலில் போகும் உள்ளூர் மரக்கலங்களுக்கு முதலில் போர்ச்சுகீசியரும் பின்னர் டச்சுக்காரரும் அனுமதிச் சீட்டு கேட்டார்கள். தன் கடலில் தானே சீட்டு வாங்கிப் போகும் நிலை நம் முன்னோருக்கு வந்தது. பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கான ஏழைகள் இந்தத் துறைமுகத்திலிருந்து அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டார்கள்.

1825இல் டச்சுக்காரர்கள் இடத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இருநூறு ஆண்டு முதலீட்டுக்குப் பிறகு இங்கே மிஞ்சியது கோட்டையின் இடிபாடும், தொல்லியல் துறை பாதுகாக்கும் கல்லறைத் தோட்டமும். பாடம் எளிமையானது. முதலீடு வந்துவிட்டது என்பதால் மட்டும் ஊர் வளர்ந்துவிடாது. நிபந்தனைகளை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் ஊரின் கதியை முடிவு செய்கிறது.

ஏரியைச் சுற்றி இன்று யார் பணம்?

வெளிநாட்டு நிறுவனம் இங்கே தொழிற்சாலை கட்டினாலோ, ஒரு நிறுவனத்தை நடத்தும் அளவுக்குப் பங்கு வாங்கினாலோ அது அந்நிய நேரடி முதலீடு. பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் பத்து சதவீதமும் அதற்கு மேலும் நேரடி முதலீட்டுக் கணக்கில் வரும். அதற்குக் கீழே வாங்குவது பங்குச் சந்தை முதலீடு. அது காலையில் வந்து மாலையில் போய்விடலாம். துறைமுகத் துறையில் நூறு சதவீத அந்நிய முதலீட்டுக்கும் முன் அனுமதி தேவையில்லாத தானியங்கி வழி திறந்திருக்கிறது.

காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். ஸ்பெயின் நாட்டு அபெங்கோவா குழுமத்தைச் சேர்ந்த பெஃபெசாவும் ஐதராபாத்தின் ஐவிஆர்சிஎல் நிறுவனமும் சேர்ந்து கட்டின. 25 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். ஆலையின் தண்ணீர் சென்னைக்கு. கழிவாக வெளியேறும் கூடுதல் உப்புநீரால் கரையோர மீன்பாடு குறைந்துவிட்டது என்பது மீனவர்களின் நீண்டகாலப் புகார். அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறு. 2015இல் அபெங்கோவா கடனில் மூழ்கித் திவால் பாதுகாப்பு கோரியது. 2019இல் ஐவிஆர்சிஎல் நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. முதலீட்டாளர்கள் தடுமாறினாலும் ஆலையும் ஒப்பந்தமும் கரையிலேயே இருக்கின்றன. முதலீட்டாளரின் ஆயுள் வேறு, திட்டத்தின் ஆயுள் வேறு.

அடுத்து எண்ணூர் காமராஜர் துறைமுகம். இங்கே அதானி நடத்திய சரக்குப் பெட்டக முனையத்தின் 49 சதவீதப் பங்கை, ஜெனிவாவைத் தலைமையிடமாகக் கொண்ட எம்எஸ்சி கப்பல் குழுமத்தோடு தொடர்புடைய நிறுவனம் 2023 டிசம்பரில் 247 கோடி ரூபாய்க்கு வாங்கியது. உலகின் மிகப் பெரிய பெட்டகக் கப்பல் நிறுவனம் இப்போது நம் பக்கத்து வீட்டுக்காரர்.

ஏரியின் மேற்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும் தடா அருகே ஸ்ரீசிட்டி. ஜப்பானின் இசுசு, டைகின், பிரான்சின் அல்ஸ்டாம் என்று பல நாட்டு ஆலைகள். ஏரி ஒன்றுதான். ஆனால் அதன் பெரும்பகுதி ஆந்திராவில், சிறுபகுதி தமிழகத்தில். முதலீட்டுக்காக இரு மாநிலங்களும் போட்டி போடுகின்றன. ஏரியின் நீரைக் காக்கவோ அப்படி ஒரு போட்டியைக் காணோம்.

காட்டுப்பள்ளி: 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கருக்கு

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருவோம். எல் அண்ட் டி நிறுவனம் கட்டிய காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் 97 சதவீதப் பங்கை 2018இல் சுமார் 1,950 கோடி ரூபாய்க்கு அதானி துறைமுக நிறுவனம் வாங்கியது. அதன் பின் வந்த விரிவாக்கத் திட்டத்தில் துறைமுகப் பரப்பு சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராகும். ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன் சரக்குத் திறன் 32 கோடி டன்னாகும். மதிப்பீடு 53,000 கோடி ரூபாய்க்கு மேல். இதில் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து நிலமாக்குவதும் அடக்கம்.

அதானி இந்திய நிறுவனம்தானே, இதில் அந்நிய முதலீடு எங்கே வந்தது என்று கேட்கலாம். இன்று இவ்வளவு பெரிய திட்டம் எதுவும் உள்நாட்டுப் பணத்தில் மட்டும் நடப்பதில்லை. 2023 மார்ச்சில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜிக்யூஜி என்ற முதலீட்டு நிறுவனம் அதானி துறைமுகம் உட்பட நான்கு அதானி நிறுவனங்களில் 15,446 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. கம்பெனியின் பெயர் உள்ளூர் என்றாலும் பின்னால் இருக்கும் மூலதனம் உலகம் முழுவதிலிருந்தும் வருகிறது.

மீனவர்களின் அச்சம் என்ன? கிழக்குக் கரையில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகிறது. கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு. ஏரியையும் கடலையும் பிரிக்கும் மெல்லிய மணல் திட்டும் அங்கேதான். அந்தத் திட்டு உடைந்தால் ஏரி ஏரியாக இருக்காது.

ஏற்கெனவே முகத்துவாரம் மணல் மூடி அடைபடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது, இறாலும் மீனும் வராது, படகும் வெளியே போகாது. இன்னொரு பக்கம், கொசஸ்தலை ஆற்றின் வெள்ளம் கடலுக்கு வடியும் தாழ்நிலங்கள் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. அவற்றை மேடாக்கினால் மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே போகும்?

இந்தத் திட்டத்துக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 என அறிவிக்கப்பட்டு, கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிப்போடப்பட்டது. மீண்டும் 2023 செப்டம்பர் 5 என அறிவிக்கப்பட்டு, அதுவும் தள்ளிப்போனது. இரண்டு முறையும் மக்களின் எதிர்ப்பு வலுவாக இருந்தது.

கணக்கில் வராத சொத்து

பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய ஏரிப் பகுதியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை மீனவ கிராமங்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. அரசாங்கப் பத்திரம் இல்லை. ஆனால் தலைமுறைகளாக நிற்கும் ஒழுங்கு. பத்திரம் இல்லாத இந்த உரிமைக்கு எந்த முதலீட்டு அறிக்கையிலும் மதிப்புப் போடுவதில்லை. நிலம் வைத்திருப்பவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று இழப்பீடு கிடைக்கும். நீரில் உரிமை வைத்திருப்பவருக்கு?

மீன் பிடிப்பது பெரும்பாலும் பட்டினவர் சமுதாயத்தினர். நமக்கென்ன என்று நம்மில் சிலர் நினைக்கலாம். அது தவறு. ஏரியில் இறாலும் நண்டும் மடவையும் குறைந்தால் கடைத்தெருவில் நம் கடைகளில் வியாபாரம் குறையும். ஐஸ், வலை, மளிகை, வண்டி வாடகை எல்லாம் அந்த வருமானத்தில் ஓடுபவை. பனையோலைப் பின்னலில் குடும்பத்தைத் தாங்கும் நம் பெண்களின் பொருள்கள் விற்பதும் இந்த ஊர் ஊராக இருந்து, ஏரியைப் பார்க்க ஆட்கள் வரும் வரைதான்.

வேலைவாய்ப்பு பற்றிய பேச்சையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். காட்டுப்பள்ளியில் முதல் துறைமுகம் வந்தபோது இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள், தங்கள் ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்கக் கோரிப் பலமுறை போராட வேண்டியிருந்தது. நவீனப் பெட்டகத் துறைமுகத்தில் பெரும்பாலான வேலையை இயந்திரம் செய்கிறது. மனிதர்களுக்கு மிஞ்சுவது ஒன்று உயர் பயிற்சி தேவைப்படும் வேலை, இல்லாவிட்டால் காவலாளி, துப்புரவு வேலை. முதலாவதற்கு நம் பிள்ளைகளைத் தயார் செய்யாவிட்டால் இரண்டாவதுதான் கிடைக்கும்.

இலங்கையும் வியட்நாமும் சொல்வது

சிறிய நாடுகள் இந்தப் பாடத்தை நமக்கு முன்பே படித்திருக்கின்றன. இலங்கை 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 112 கோடி டாலருக்கு, 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் கொடுத்தது. 2022இல் அந்த நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றதை நாம் பார்த்தோம். அதே இலங்கையில் மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்தில் அதானி நிறுவனம் கேட்ட மின்கட்டணம் அதிகம் என்று கேள்வி எழுந்தது. பறவைகளின் வலசைப் பாதை, மீனவர் வாழ்வு என்று மன்னார் மக்களும் குரல் கொடுத்தார்கள். புதிய அரசு விலையை மறுபடி பேச வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் அத்திட்டத்திலிருந்து விலகியது. ஆனால் கொழும்பு மேற்கு முனையத்தில் அதே நிறுவனத்துக்கு 51 சதவீதம், உள்ளூர் ஜோன் கீல்ஸுக்கு 34 சதவீதம், இலங்கைத் துறைமுக அதிகார சபைக்கு 15 சதவீதம் என்று பங்கு பிரித்து 2025 ஏப்ரலில் வேலை தொடங்கிவிட்டது. கேள்வி கேட்டால் முதலீடு ஓடிவிடும் என்ற மிரட்டல் முழு உண்மையல்ல என்பதற்கு இது சான்று. ஒன்று போனது, இன்னொன்று நின்றது.

வியட்நாம் இன்னும் கூர்மையான உதாரணம். போரில் சிதைந்த அந்த நாடு 1986இல் பொருளாதாரக் கதவைத் திறந்தது. சாம்சங், இன்டெல் போன்றவை அங்கே போயின. இன்று வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் நம் தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலை திறக்கும் அளவுக்கு அந்நாடு வளர்ந்திருக்கிறது. ஆனால் அதே வியட்நாமில் 2016 ஏப்ரலில், தைவானின் ஃபார்மோசா குழும இரும்பாலை வெளியேற்றிய நச்சுக் கழிவால் நான்கு மாகாணங்களில் சுமார் 200 கிலோமீட்டர் கடற்கரையில் மீன்கள் செத்து ஒதுங்கின. மீன் வேண்டுமா ஆலை வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்ற பொருளில் ஆலை அதிகாரி ஒருவர் பேசியது மக்களைக் கொதிக்க வைத்தது. கடைசியில் நிறுவனம் பொறுப்பேற்று 50 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

இதை நம் பகுதியோடு ஒப்பிடுவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலி பொதுத்துறை சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பரவி எண்ணூர் கழிமுகமே கறுத்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. பொதுத்துறையோ, உள்நாட்டுத் தனியாரோ, அந்நிய நிறுவனமோ, விபத்து நடந்த பிறகு பேரம் பேசும் நிலையில் ஏழை இருப்பதில்லை. விதிகள் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

வணிகத்தை இஸ்லாம் ஆகுமாக்கியது. நம் நபி (ஸல்) அவர்களே வணிகர். எனவே முதலீட்டை வெறுப்பது நம் வழியல்ல. ஆனால் தண்ணீரும் மேய்ச்சல் நிலமும் நெருப்பும் மக்கள் அனைவருக்கும் பொது என்பது நபிமொழி தரும் அடிப்படை. கூட்டு வணிகத்தில் நட்டத்தை மூலதனம் போட்டவர்கள் தங்கள் பங்கின் அளவுக்கு ஏற்கவேண்டும் என்பது ஃபிக்ஹு சட்டம். லாபம் ஒருவருக்கு, நட்டம் இன்னொருவருக்கு என்ற ஏற்பாட்டுக்கு அதில் இடமில்லை.

ஒரு நிகழ்ச்சி நமக்கு இங்கே வழிகாட்டுகிறது. அப்யள் பின் ஹம்மால் (ரலி) அவர்கள் மஃரிப் பகுதியில் இருந்த உப்பு விளையும் இடத்தைக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதைக் கொடுத்தார்கள். அது வற்றாத நீரைப் போல எல்லாருக்கும் கிடைக்கக்கூடிய வளம் என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. கொடுத்த சலுகையையும், உண்மை தெரிந்த பின் பொதுநலனுக்காக மாற்றலாம் என்பது இதில் கிடைக்கும் பாடம். இன்னொன்றையும் கவனியுங்கள். சபையில் ஒருவர் எழுந்து விவரத்தைச் சொன்னதால்தான் முடிவு மாறியது. அந்த ஒருவராக இருப்பது இன்று நம் கடமை.

பணம் போடும் முஸ்லிம் நாடுகளுக்கும் இது பொருந்தும். அபுதாபியின் ஐஎச்சி 2022இல் அதானி குழுமத்தின் மூன்று நிறுவனங்களில் 200 கோடி டாலர் போட்டது. கத்தார் முதலீட்டு ஆணையம் மும்பை மின் விநியோக நிறுவனத்தில் கால் பங்கு வாங்கியது. அவை காட்டுப்பள்ளியில் நேரடியாக இல்லை. ஆனாலும் போடும் பணம் யாருடைய வாழ்வைத் தொடுகிறது என்று கேட்கும் பொறுப்பு வட்டியைத் தவிர்ப்பதோடு முடிந்துவிடுவதில்லை. நார்வேயின் மத்திய வங்கி 2024 மே மாதம், மோதல் பகுதிகளில் உரிமை மீறலுக்குத் துணைபோகும் அபாயம் என்று கூறி, அதானி துறைமுக நிறுவனத்தைத் தன் நிதியத்தின் பட்டியலிலிருந்து நீக்கியது. கேள்வி கேட்கும் பழக்கம் முதலில் நம்மிடம் இருந்திருக்க வேண்டாமா?

நம் கையில் இருப்பவை

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2024இல் வெளிநாடு வாழ் இந்தியர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. 2024-25இல் வந்த மொத்த அந்நிய நேரடி முதலீடு சுமார் 8,100 கோடி டாலர். வெளியே போனதைக் கழித்தால் நிகரமாக நின்றது மிகச் சிறிய தொகையே. வெயிலில் நின்று நம் பிள்ளைகளும் பிற தொழிலாளர்களும் அனுப்பும் பணம் அந்நிய முதலீட்டைவிடப் பெரியது. அவர்களுக்குச் சிவப்புக் கம்பளம் யாரும் விரிப்பதில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கையாவது வீடு, நகை என்று முடக்காமல் ஊரில் கூட்டுத் தொழிலாக மாற்ற ஜமாஅத்துகள் யோசிக்க வேண்டும். மீன் பதப்படுத்துதல், குளிர்பதனக் கிடங்கு, பனையோலைப் பொருள் ஏற்றுமதி இவையெல்லாம் ஏரியைக் கெடுக்காத தொழில்கள்.

அடுத்து, சட்டம் தந்திருக்கும் உரிமை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது அவரது பிரதிநிதி தலைமையில் கூட்டம் நடக்கும். நேரில் பேசலாம், எழுத்திலும் கொடுக்கலாம். பேசியவை பதிவு செய்யப்பட்டுக் கூட்ட முடிவில் தமிழில் படித்துக்காட்டப்பட வேண்டும்.

எனவே மூன்றாவது முறை தேதி அறிவிக்கப்பட்டால், ஏரிக்கரைப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் அந்தச் சுருக்கத்தை வாங்கி, படித்த இளைஞர்களைக் கொண்டு ஜுமுஆவுக்குப் பின் மக்களுக்கு விளக்க வேண்டும். மீனவ கிராமப் பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து ஒரே மனுவாகத் தர வேண்டும். தனியே பேசினால் ஒரு சமுதாயத்தின் முணுமுணுப்பு. சேர்ந்து பேசினால் ஒரு கரையின் குரல்.

என்ன கேட்பது? ஒப்பந்தமும் பங்குதாரர் விவரமும் தமிழில் வெளியிடப்பட வேண்டும். கரை அரிப்பையும் முகத்துவாரத்தையும் சுதந்திரமான நிபுணர்கள் ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும். பாடு உரிமை எழுத்தில் பதிவாக வேண்டும். விபத்துக்கான இழப்பீட்டு நிதி முன்கூட்டியே வைப்பாகக் கட்டப்பட வேண்டும். ஏரிக்கரை இளைஞர்களுக்குப் பயிற்சியும் நிரந்தர வேலையும் எழுத்தில் உறுதியாக வேண்டும். இவற்றுக்கு உட்பட மறுக்கும் முதலீடு இங்கே தேவையில்லை. மணல் திட்டு தாங்காது என்று ஆய்வு சொன்னால், எத்தனை கோடியானாலும் வேண்டாம் என்று சொல்லும் துணிவும் வேண்டும்.

பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க நம் முன்னோர் வைத்த நிழல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. சூரியன் நகர்வதை நிழல் சொல்லும். பார்க்கிறவர் எழுந்து செயல்பட வேண்டும். பளுதூக்கிகளின் நிழல் ஏரியை நோக்கி நீண்டு வருகிறது. நேரம் தெரிந்த பின்னும் உட்கார்ந்திருந்தால் குற்றம் கடிகாரத்தில் இல்லை. அறிந்து, ஒன்றுபட்டு, நீதியின் பக்கம் நிற்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.